வாங்குவது கட்டிடத்தையா, காலி செய்யும் உரிமையையா?

"பழைய அடுக்குமாடிக் கட்டிடம். எல்லா வீடுகளிலும் குடித்தனம் இருக்கிறது. வாடகை மார்க்கெட் நிலவரத்தை விடக் குறைவு. வருமானம் பெருக நல்ல வாய்ப்பு."

நியூயார்க் நகரத்துக் கட்டிடத் தரகர்களின் விளம்பரங்கள் இந்த ரகத்தைச் சேர்ந்தவை. கையில் நாலு காசு சேர்த்தவனுக்கு அங்கே சொல்லப்படும் புத்திமதியும் இதுதான்: "புதுக் கட்டிடம் வாங்காதே, விலை அதிகம். குடித்தனக்காரர் நிரம்பிய பழைய கட்டிடமாகப் பார்த்து வாங்கு. முதல் நாளே வாடகை வரும். பாங்கி கடன் தரும். கடனைக் குடித்தனக்காரனே அடைப்பான். கட்டிடம் உனக்கு மிஞ்சும்!"

கேட்பதற்கு எவ்வளவு சாதுவாக இருக்கிறது! இதில் யாருக்கு என்ன தீங்கு? விற்கிறவன் விற்கிறான், வாங்குகிறவன் வாங்குகிறான், குடியிருக்கிறவன் குடியிருக்கிறான்! இப்படித்தான் பொது ஜனங்களும் நினைக்கிறார்கள்.

நாம் அந்த விளம்பரத்தின் கடைசி வரியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். குடித்தனக்காரர் அத்தனை பேரும் இருக்கிற இடத்திலேயே, இருக்கிற வாடகையிலேயே இருந்தால், வருமானம் எங்கிருந்து பெருகும்? கட்டிடம் குட்டி போடுமா?

போடாது. வருமானம் பெருக வேண்டுமானால் ஒன்று வாடகை ஏற வேண்டும். அல்லது இருக்கிறவன் போய், அதிக வாடகை கொடுக்கிறவன் வர வேண்டும். இதை விளம்பரம் சொல்லவில்லை. ஆனால் விலை சொல்லிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஒரு பாட்டியம்மாவின் விலை

நாம் பொருளாதாரப் பட்டம் பெற்றவர்களல்ல. பள்ளிக்கூடத்தில் படித்த வட்டிக் கணக்கே இதற்குப் போதும்.

வாடகைக் கட்டிடத்துக்கு எப்படி விலை போடுகிறார்கள்? செங்கல்லையும் மரத்தையும் எண்ணியா? இல்லை. வருஷ வாடகையில் வரி, ரிப்பேர், எண்ணெய், ஆள் கூலி எல்லாம் போக மிஞ்சுவதைப் பார்க்கிறார்கள். அந்த மிச்சம், போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வருஷத்துக்கு 5 லட்சம் டாலர் மிஞ்சும் கட்டிடத்தின் விலை 1 கோடி டாலர். அதாவது மிச்சத்தைப் போல் 20 மடங்கு.

இப்போது அந்தக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் முப்பது வருஷமாகக் குடியிருக்கும் ஒரு பாட்டியம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் போய், அந்த வீட்டில் மாதம் 1,000 டாலர் கூடுதலாகக் கொடுக்கும் வேறொருவர் வந்தால், வருஷத்துக்கு 12,000 டாலர் ஏறுகிறது. அதை 20 ஆல் பெருக்குங்கள். கட்டிடத்தின் விலையில் 2,40,000 டாலர் ஏறிவிட்டது!

ஒரு சுவரும் புதிதாக எழும்பவில்லை. ஒரு ஜன்னலும் புதிதாக வைக்கப்படவில்லை. ஒரு கிழவி மூட்டை கட்டிக்கொண்டு போனாள்; அவ்வளவுதான். அதற்கு மார்க்கெட் கொடுக்கும் பரிசு 2,40,000 டாலர்.

வாங்குகிறவர் நல்லவராக இருக்கலாம். கோயிலுக்குப் போகிறவராக, ஏழைகளுக்குத் தர்மம் செய்கிறவராக இருக்கலாம். அவர் குணத்தைப் பற்றி நமக்குத் தகராறு இல்லை. அவர் என்ன விலை கொடுத்தார் என்பதுதான் கேள்வி. இருக்கிற வாடகை தாங்கக்கூடிய விலையைக் கொடுத்தாரானால் அவர் வாங்கியது கட்டிடம். அதற்கு மேல் கொடுத்தாரானால், அந்த மேல் தொகைக்கு அவர் வாங்கியது வேறொன்று: குடியிருப்பவரைக் காலி செய்யும் உரிமை. காசு கொடுத்து வாங்கிய சரக்கை யாராவது பயன்படுத்தாமல் வைத்திருப்பார்களா?

சட்டம் வைத்த பின்வாசல்

"நியூயார்க்கில் வாடகைக் கட்டுப்பாடு இருக்கிறதே! இஷ்டத்துக்கு ஏற்ற முடியாதே!" என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம்.

உண்மை. அந்தச் சட்டமும் யாரோ ஒரு கவர்னர் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. 1907-இல் கிழக்குப் பகுதிச் சேரி வீடுகளில், பாலின் நியூமன் என்ற தையல் தொழிலாளிப் பெண்ணின் தலைமையில் பல ஆயிரம் குடும்பங்கள் வாடகை கொடுக்க மறுத்துப் போராடின. முதல் உலக யுத்தத்தின்போதும் அதற்குப் பின்பும் வாடகை வேலைநிறுத்தங்கள் பரவின. அதன் பிறகுதான் 1920-இல் அவசர வாடகைச் சட்டங்கள் பிறந்தன. 1932-இல் பிராங்ஸ் பகுதியில், வேலையிழந்த தொழிலாளிகளைத் திரட்டிக் கம்யூனிஸ்டுகள் நடத்திய வாடகைப் போராட்டம் போலீஸ் தடியடியைச் சந்தித்தது. இப்படி அடிபட்டு, மிதிபட்டு வாங்கியதுதான் அந்தப் பாதுகாப்பு.

முன்வாசலில் காவல் போட்ட பிறகு, வீட்டுக்காரர் கட்சி பின்வாசலைத் திறக்கச் சொல்லிச் சட்டசபையை நெருக்கியது. 1993-லும் 1997-லும் நியூயார்க் ஸ்டேட் சட்டசபை கதவைத் திறந்துவிட்டது. காலியான வீட்டின் வாடகை மாதம் 2,000 டாலரைத் தொட்டுவிட்டால் அந்த வீட்டுக்குக் கட்டுப்பாடு கிடையாது. அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்றது சட்டம்.

2,000 டாலரைத் தொடுவது எப்படி? அதற்கும் ஏணி வைத்துக் கொடுத்தார்கள். குடித்தனக்காரர் போனால், புதிதாக வருகிறவரின் இரண்டு வருஷக் குத்தகைக்கு 20 சதவிகிதம் உடனே ஏற்றிக்கொள்ளலாம். வீட்டைப் புதுப்பித்தால், செலவில் நாற்பதில் ஒரு பங்கை மாதா மாதம் வாடகையில் சேர்த்துக்கொள்ளலாம். நாற்பது மாதத்தில் செலவு வசூலான பிறகும் அந்தக் கூடுதல் வாடகை குறையாது, காலமெல்லாம் நிற்கும்!

1,200 டாலர் வாடகை வீட்டை எடுத்துக்கொள்வோம். குடித்தனக்காரர் போனார்; 20 சதவிகிதம், அதாவது 240 ஏறியது; 1,440 ஆனது. சமையலறைக்கும் குளியலறைக்கும் 24,000 டாலர் செலவு என்று கணக்குக் காட்டினார்கள். அதில் நாற்பதில் ஒன்று 600. மொத்தம் 2,040. முடிந்தது! அந்த வீடு சட்டத்தின் பிடியிலிருந்து கழன்றுவிட்டது.

இந்த ஏணியின் ஒவ்வொரு படியும் ஒரே வார்த்தையில் ஆரம்பிக்கிறது: "குடித்தனக்காரர் போனால்". ஆகவே அவர் போக வேண்டும். தானாகப் போகாவிட்டால்? கொஞ்சம் பணம் காட்டு. மசியவில்லையா? "இது உன் நிரந்தர வீடல்ல, வேறு ஊரில் உனக்கு வீடு இருக்கிறது" என்று வக்கீல் நோட்டீஸ் விடு. அதற்கும் பயப்படவில்லையா? பக்கத்து வீட்டை இடித்துத் தூசியும் இரைச்சலும் கிளப்பு. பனிக்காலத்தில் கொதிகலன் பழுது என்று சொல். இந்த உபாயங்கள் எல்லாம் நியூயார்க் கோர்ட்டுகளிலும் நகரசபை விசாரணைகளிலும் திரும்பத் திரும்ப அம்பலமானவை.

ஸ்டைவசன்ட் டவுன் சொல்லும் பாடம்

சின்னக் கட்டிடங்களின் கதை வெளியே தெரிவதில்லை. பெரிய கட்டிடத்தின் கதை உலகத்துக்கே தெரிந்தது. ஆகவே அதைச் சொல்கிறோம்.

மன்ஹாட்டன் தீவின் கிழக்குக் கரையில் ஸ்டைவசன்ட் டவுன், பீட்டர் கூப்பர் வில்லேஜ் என்று அடுத்தடுத்து இரண்டு குடியிருப்புகள். 110 கட்டிடங்கள், 11,232 வீடுகள், சுமார் 25,000 ஜனங்கள். மெட்ரோபாலிடன் லைஃப் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி, இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு கட்டியது. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வீடு என்று சொல்லப்பட்டது. நகரசபை நிலத்தை வளைத்துக் கொடுத்தது; 25 வருஷ வரிச் சலுகை கொடுத்தது. அந்த இடத்தில் ஏற்கெனவே குடியிருந்த சுமார் 11,000 ஏழை ஜனங்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். 1947-இல் குடித்தனங்கள் வந்தன.

பொதுப்பணம் சாப்பிட்ட அந்தக் கம்பெனி, நீக்ரோக்களுக்கு வீடு கிடையாது என்றது! யுத்தத்தில் குண்டடி பட்ட கறுப்புச் சிப்பாய்க்கும் கிடையாது! 1949-இல் ஸ்டேட்டின் உச்ச கோர்ட்டு இதைச் சரி என்றே தீர்ப்பளித்தது. எதிர்த்து நின்றவர்கள் அங்கே குடியிருந்தவர்களேதான். அவர்களில் ஒருவர் லீ லார்ச் என்ற கணித ஆசிரியர். தமது வீட்டில் ஒரு நீக்ரோக் குடும்பத்தைக் குடியமர்த்தினார். இந்தப் போராட்டத்துக்காக அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கல்லூரி வேலைகள் போயின. போராடிய மற்றக் குடும்பங்களையும் வெளியேற்றக் கம்பெனி முயன்றது. 1952-இல் அந்த முயற்சி தோற்றது. நிறத் தடையை உடைத்தது கோர்ட்டு அல்ல, குடித்தனக்காரர் சங்கம் என்பதை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வருஷங்கள் ஓடின. 1974 முதல் இந்த வீடுகள் வாடகை வரம்புச் சட்டத்துக்குள் வந்தன. ஆசிரியர், நர்ஸ், தீயணைப்புத் தொழிலாளி, போலீஸ்காரர், ஓய்வு பெற்ற குமாஸ்தா என்று உழைத்துப் பிழைக்கும் ஜனங்கள் அங்கே நிலைத்தார்கள்.

2006-இல் இன்ஷூரன்ஸ் கம்பெனி அத்தனையையும் ஏலத்துக்கு விட்டது. குடித்தனக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் கூடி, 450 கோடி டாலருக்குத் தாங்களே வாங்கிக்கொள்வதாகக் கேட்டார்கள். ஏற்கப்படவில்லை. டிஷ்மன் ஸ்பையர் என்ற கட்டிடக் கம்பெனியும் பிளாக்ராக் என்ற பண நிர்வாகக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 540 கோடி டாலருக்கு வாங்கின. ஒரே சொத்து அந்த விலைக்கு அமெரிக்காவில் அதுவரை விற்றதில்லை. வாங்கும்போது முக்கால்வாசி வீடுகளில் கட்டுப்பாட்டு வாடகைக் குடித்தனங்கள் இருந்தன.

இப்போது கணக்கைப் பாருங்கள். அன்று அந்தச் சொத்தில் செலவு போக மிஞ்சியது வருஷத்துக்குச் சுமார் 11 கோடி டாலர். கொடுத்த விலைக்கு அது நூற்றுக்கு இரண்டு! வாங்கிய கடனோ 440 கோடி டாலர். வட்டி 6 சதவிகிதம் என்று வைத்தாலே வருஷத்துக்கு 26 கோடிக்கு மேல் போகிறது. வருவது 11, போவது 26! துண்டு விழும் 15 கோடியை வீடுகளுக்குப் பங்கு போட்டால், வீட்டுக்கு மாதம் 1,100 டாலருக்கு மேல்.

இந்தத் துண்டை யார் கொடுப்பது? பாங்கிக்காரனுக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். ஐந்தே வருஷத்தில் வருமானம் மூன்று மடங்காகும் என்று எழுதிக் காட்டித்தான் கடன் கேட்டார்கள். அதைப் படித்துப் பார்த்துத்தான் கடன் கொடுத்தார்கள். சட்டப்படி வாடகை சிறுகச் சிறுகத்தான் ஏறும் என்றால், மூன்று மடங்காவதற்கு ஒரே வழி பழைய குடித்தனங்கள் கூட்டம் கூட்டமாகப் போவதுதான். ஆக, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை கட்ட வேண்டும் என்பது கிரயப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்த அன்றே முடிவாகிவிட்டது. அந்தக் குடும்பங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை!

நோட்டீசுகள் பறந்தன. நூற்றுக்கணக்கான குடும்பங்கள், இதுவே தங்கள் வீடு என்று நிரூபிக்க மின்சார ரசீதையும் வரிச் சீட்டையும் தேடிக்கொண்டு வக்கீல் வீட்டு வாசலில் நின்றன.

யார் பணம், யார் நஷ்டம்?

குடித்தனக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களுடைய வாதம் எளிமையானது. கட்டிடத்தைப் புதுப்பிப்பதற்காக ஜே-51 என்ற வரிச் சலுகையை நகரசபையிடம் வாங்குகிறாய். அந்தச் சலுகை வாங்குகிற வரை வீடுகள் கட்டுப்பாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு கையால் பொதுப்பணத்தை வாங்கிக்கொண்டு, மறு கையால் வீடுகளைச் சட்டத்திலிருந்து கழற்றுவது எப்படி? 2009 அக்டோபரில் ஸ்டேட்டின் உச்ச கோர்ட்டு இந்த வாதத்தை ஏற்றது. நாலாயிரத்துக்கும் அதிகமான வீடுகள் சட்டவிரோதமாகக் கழற்றப்பட்டவை என்று ஆயிற்று.

மூன்றே மாதம். 2010 ஜனவரியில் வாங்கிய கூட்டம் தவணை கட்ட முடியாமல் சொத்தைக் கடன்காரர்களிடம் விட்டுவிட்டுக் கை கழுவியது. 540 கோடிக்கு வாங்கிய சொத்தின் மதிப்பு அப்போது 200 கோடி அளவுக்கு இறங்கியிருந்தது.

நஷ்டம் யாருக்கு? வாங்கிய இரண்டு கம்பெனிகளும் தங்கள் கையிலிருந்து போட்டது தலைக்குச் சுமார் 11 கோடி டாலர்தான். மீதிப் பணம் ஊரார் பணம்! கலிபோர்னியா அரசாங்க ஊழியர்களின் ஓய்வூதிய நிதி 50 கோடி டாலரை இழந்தது. அதே மாகாண ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி 10 கோடியை இழந்தது. புளோரிடா மாகாண ஊழியர்களின் நிதி 25 கோடியை இழந்தது.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். கலிபோர்னியாவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை மாதச் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த வயோதிக காலப் பணம். நியூயார்க்கில் இன்னொரு பள்ளிக்கூட ஆசிரியையை வீட்டை விட்டுத் துரத்துவதற்கு அது மூலதனம்! துரத்தியிருந்தால் லாபத்தில் ஒரு பங்கு கம்பெனிக்கு. துரத்த முடியாமல் போனதால் நஷ்டம் ஆசிரியைக்கு. தொழிலாளியின் சேமிப்பைத் தொழிலாளியின் மீதே ஏவும் இந்த வித்தைக்குப் பெயர்தான் "முதலீட்டு நிர்வாகம்"!

அதோடு கதை முடிந்ததா? இல்லை. 2015-இல் பிளாக்ஸ்டோன் என்ற இன்னொரு பெரும் கம்பெனி, ஒரு கனடா நாட்டுக் கூட்டாளியுடன் சேர்ந்து சுமார் 530 கோடிக்கு அதே சொத்தை வாங்கியது. 5,000 வீடுகளை 20 வருஷத்துக்குக் குறைந்த வாடகையில் வைத்திருக்கும்படி நகரசபை ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்கும் நகரசபை சலுகைகள் கொடுக்க வேண்டியிருந்தது!

"கூரை ஒழுகுமே!" என்கிறவர்களுக்கு

2019-இல் நியூயார்க் சட்டசபை பின்வாசலை மூடியது. காலியானால் 20 சதவிகிதம் என்பது போயிற்று. வாடகை உச்சத்தைத் தொட்டால் கட்டுப்பாடு கழன்றுவிடும் என்பது போயிற்று. புதுப்பிக்கும் செலவை வாடகையில் ஏற்றுவதற்கு 15 வருஷத்தில் 15,000 டாலர் என்று வரம்பு வந்தது. 2024-இல் அந்த வரம்பை உயர்த்தினார்கள். சட்டமே செல்லாது என்று வீட்டுக்காரர் சங்கங்கள் வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டு வரை போயின. 2023-லும் 2024-லும் அந்தக் கோர்ட்டு வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

உடனே எழுந்தது கூக்குரல். "வாடகை ஏறாவிட்டால் ரிப்பேர் எப்படிச் செய்வது? கூரை ஒழுகும்! வீடுகள் பூட்டிக் கிடக்கும்! கடைசியில் அவதிப்படுவது குடித்தனக்காரர்களே!"

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். இருந்தாலும் வாதத்துக்குப் பதில் சொல்வோம். ஏனென்றால் இதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைதான் முழுப் பொய்யை விட ஆபத்தானது.

வரியும் எண்ணெய் விலையும் இன்ஷூரன்ஸும் ஏறுகின்றன என்பது உண்மை. மிகக் குறைந்த வாடகையுள்ள சில பழைய கட்டிடங்களில் வருமானம் செலவுக்கே பற்றாது என்பதும் உண்மை. ரிப்பேர் செய்யாமல் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்பதும் உண்மை. அப்படிப்பட்ட கட்டிடங்களுக்குச் சர்க்கார் ரிப்பேர் உதவி கொடுக்கட்டும். முடியாவிட்டால் எடுத்துக்கொண்டு நடத்தட்டும். நாம் ஆட்சேபிக்கவில்லை.

ஆனால் வீட்டுக்காரர் கட்சி சொல்லாமல் விடும் பாதி எது? வாடகையில் பெரும் பகுதி கூரைக்குப் போகிறதா, வட்டிக்குப் போகிறதா என்பது! ஏறிய விலையில் வாங்கியவர் கொடுத்த மேல் தொகை ஒரு ஆணியையும் வாங்கவில்லை. அது விற்றவர் பைக்குப் போயிற்று. அதற்கான வட்டி மாதா மாதம் பாங்கிக்குப் போகிறது. பிறகு கொத்தனாருக்கும் குழாய்க்காரருக்கும் கொடுக்கப் பணம் இல்லை என்றால், அது குடித்தனக்காரர் குற்றமா?

"நாங்கள் போட்ட முதல் போய்விட்டதே!" என்கிறார்கள். 2019-க்குப் பிறகு இந்தக் கட்டிடங்களின் விலை சரிந்தது மெய்தான். ஆனால் சரிந்தது எந்தப் பகுதி? செங்கல் கரைந்துவிட்டதா? மாடி குறைந்துவிட்டதா? துரத்தலை எதிர்பார்த்துக் கொடுத்த விலைதான் சரிந்தது. திருட்டுச் சாமான் என்று தெரிந்து வாங்கியவன், அதைத் திருப்பி எடுத்துக்கொண்டதும் நஷ்டஈடு கேட்டால் ஊர் சிரிக்காதா?

பாங்கிகளின் பெட்டிகளில் இந்த மாதிரிக் கடன் எவ்வளவு இருந்தது என்பது 2023 மார்ச்சில் தெரிந்தது. அந்த மாதம் நியூயார்க்கின் சிக்னேச்சர் பாங்கி விழுந்தது. பணம் போட்டவர்கள் ஒரே நேரத்தில் திரும்பக் கேட்டதுதான் அது விழுந்த காரணம், வாடகைச் சட்டமல்ல. ஆனால் மத்திய வைப்பு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பெட்டியைத் திறந்தபோது, கட்டுப்பாட்டு வாடகைக் கட்டிடங்களின் மேல் கொடுத்த கடன் மட்டும் சுமார் 1,500 கோடி டாலர் இருந்தது! அவை முகமதிப்பை விட வெகு குறைவாகவே பிறகு மதிப்பிடப்பட்டன. கடன் சீட்டில் எழுதிய மதிப்பு எவ்வளவு வெற்றுக் காற்று என்பதற்கு இன்னும் சாட்சி வேண்டுமா?

இன்னொரு வாதம்: "ஒரு விதவை, கணவர் விட்டுப்போன மூன்று வீட்டு வாடகையில் ஜீவிக்கிறாள். அவளையும் முதலாளி என்பீர்களா?" என்போம் என்று யார் சொன்னது? அந்த அம்மாள் வருகிற வாடகையில் ரிப்பேரும் பார்த்துச் சாப்பிடவும் செய்கிறாள். அவள் கணக்கில் யாரும் வெளியேற வேண்டியதில்லை. குடித்தனக்காரரும் அவளும் ஒரே கூரைக்குக் கீழே ஒருவருக்கொருவர் துணை. அவளை முன்னால் நிறுத்தி, அவள் முந்தானைக்குப் பின்னால் 540 கோடிக்காரன் ஒளிந்துகொள்வதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

நமக்கு என்ன?

"அமெரிக்காக்காரன் வீட்டை அமெரிக்காக்காரன் வாங்குகிறான், திருவல்லிக்கேணிக்காரனுக்கு என்ன?" என்று கேட்கலாம்.

நம் ஊரிலும் பழைய வீடுகள் குடித்தனங்களோடு கைமாறுகின்றன. அங்கே வாடகையை ஏற்றக் காலி செய்கிறார்கள். இங்கே பெரும்பாலும் இடித்துவிட்டு உயரமாகக் கட்டக் காலி செய்கிறார்கள். கணக்கு ஒன்றுதான்: காலி மனையின் விலை, ஆளிருக்கும் வீட்டின் விலையை விட அதிகம்.

1960-ஆம் வருஷத்துச் சென்னை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், நியாய வாடகை எவ்வளவு என்று நிர்ணயிக்க அதிகாரியிடம் மனுப் போட வழி இருந்தது. அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-இல் இயற்றிய புதிய சட்டத்தை 2019 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது ஒப்பந்தத்தில் எழுதியதே வாடகை. இரண்டு பேரும் சமமாக உட்கார்ந்து பேசி எழுதுகிறார்களாம்! வீடு கிடைக்காமல் தெருத் தெருவாக அலைகிறவனும், பத்துப் பேர் வரிசையில் நிற்பதைப் பார்க்கிற வீட்டுக்காரரும் சமமா?

இருந்தாலும் கையில் இருப்பதை விட்டுவிடக் கூடாது. குடித்தனக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. வீடு கைமாறியதால் மட்டும் குடித்தனம் முடிந்துபோவதில்லை. வாங்குகிறவர் விற்றவரின் ஸ்தானத்தில் நிற்கிறார். புதிய சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது.  புதுச் சொந்தக்காரர் என்று யாரோ வந்து "இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்" என்று மிரட்டினால், பயந்து சாமானைக் கட்டாதீர்கள். பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் வாடகை கொடுக்காதீர்கள். முக்கியமாக, தனியாகப் பேசப் போகாதீர்கள். கட்டிடத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து போங்கள்.

நாம் கோருவது

கடன் கொடுக்கும் பாங்கி, இன்று வருகிற வாடகையைப் பார்த்துக் கடன் கொடுக்கட்டும். நாளைக்குத் துரத்திய பின் வரப்போகும் வாடகையைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு விதி இருந்திருந்தால் 440 கோடி டாலர் கடன் எழுதப்பட்டிருக்குமா?

கட்டிடம் விற்பனைக்கு வந்தால் முதலில் குடித்தனக்காரர்களைக் கேட்க வேண்டும். இது கற்பனைக் கோரிக்கையல்ல. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனிலேயே 1980-இல் இதற்குச் சட்டம் வந்தது. வெள்ளை மாளிகை இருக்கும் ஊரில் முடிந்தது, மற்ற ஊர்களில் ஏன் முடியாது?

தொழிலாளர்களின் சேமநிதியையும் ஓய்வூதிய நிதியையும் யாரையும் வீட்டை விட்டுத் துரத்தும் வியாபாரத்தில் போடக் கூடாது. தன் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை தொழிற்சங்கத்துக்கு வேண்டும்.

கடைசியாக, சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய கட்டிடம் வாங்கலாமா என்று யோசிக்கும் நடுத்தர வர்க்க நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தரகர் காகிதத்தை நீட்டும்போது கேளுங்கள்: "இப்போது இருப்பவர்கள் எல்லோரும் இப்படியே இருந்தால், இந்த விலை எனக்குக் கட்டுமா?" கட்டும் என்றால் வாங்குங்கள்; கூரையைப் பாருங்கள்; ரசீது கொடுங்கள்; சுகமாக இருங்கள். கட்டாது, "ஆனால் சார், மூன்றாவது மாடிக் கிழவி ரொம்ப நாள் இருக்க மாட்டாள்" என்று அவர் குரலைத் தாழ்த்தினால், எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்டைவசன்ட் டவுனின் கிழவிகள் 540 கோடி டாலரை விட அதிக நாள் இருந்தார்கள். சங்கம் வைத்திருந்தார்கள், அதனால் இருந்தார்கள்.